வீடு ஆர்ட பேர்ல?

நான் ஒரு பிரதேசக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அபிவிருத்தி என்ற சொல்லைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். என் வேலை ஏழைகளை வரிசைப்படுத்துவது. உதவிப்பணம் கேட்டு எழுதியவர்களின் வீட்டுக்குப் போய், கூரை என்ன, கிணறு உண்டா, எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று கேட்டுப் புள்ளி போட வேண்டும். அந்தப் புள்ளிகளைக் கூட்டி, கொழும்பில் எவரோ செய்து வைத்த கணக்கு ஒன்று, இவள் ஏழை, இவள் ஏழையில்லை என்று தீர்ப்புச் சொல்லும். கேள்விகளில் ஒன்று, வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது.

அந்தக் கேள்வியை எழுதிய மகாராசன் ஒருநாளும் எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டான். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். ஆகவே இங்கே புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கும் வீடு இருக்கும். கூரை ஒழுகும், உலை வைக்க அரிசி இருக்காது, ஆனால் வீட்டு உறுதிப்பத்திரம் அவள் பெயரில் இருக்கும். கணக்கு அவளைச் சொத்துக்காரி என்று வெட்டிவிடும். அவளை விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் போய் ஏறியவனுக்கோ எந்தச் சொத்தும் கிடையாது. அவன் ஏழை. சிரிப்புக்குச் சொல்லவில்லை. அப்படி ஒருவனுக்கு என் கையாலேயே புள்ளி போட்டிருக்கிறேன்.

வெட்டுப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் சந்தியில் இடியப்பம் அவித்து விற்கிறவர். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். புருஷன் போய் வருசக்கணக்கு. ஒரு மகள். ஒவ்வொரு தெரிவிலும் அவர் வெட்டுப்படுவார். அவருக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுப்பவளும் நான்தான், அது சரிவரவில்லை என்று சொல்பவளும் நான்தான். அவர் ஒருநாளும் என்னை ஏசியதில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட கேள்விகளை எழுதுகிறவர்கள் எங்கே படித்துவிட்டு வருகிறார்கள் என்று தேடப் போய்த்தான் பொதுக்கொள்கை முதுமாணி என்ற படிப்பே எனக்குத் தெரியவந்தது. படித்துவிட்டு வந்து அந்த மேசையில் நானே உட்கார வேண்டும் என்ற வெறி பிடித்தது. ஓம், வெறிதான். முப்பது வயதில், கலியாணம் குழம்பிப்போன ஒருத்திக்கு ஊரில் வேறு என்ன வேலை? விண்ணப்பத்தோடு கேட்ட கட்டுரை முழுவதிலும் அக்காவின் வீட்டைப் பற்றித்தான் எழுதினேன்.

மூன்று இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று கொழும்பில், சனி ஞாயிறு வகுப்பு. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம், ஆனால் கட்டணமும் பஸ் காசும் போக என் சம்பளத்தில் மிஞ்சுவது தேத்தண்ணிக்குக் காணாது. இரண்டாவது வெளிநாட்டில். கெட்டிக்காரி என்று சொல்லிக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு எந்த வங்கியில் கடன் எடுக்கலாம் என்ற விபரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதும் வெளிநாடு, பெரிய பெயர். பணம் இல்லை என்ற காரணத்தால் தெரிவான எவரும் படிக்காமல் போகக்கூடாது, தேவை எவ்வளவோ அவ்வளவையும் நாங்கள் தருவோம் என்று எழுதியிருந்தது.

அந்த வசனத்தை நம்பினேன். மற்ற இரண்டு இடத்துக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தேவை எவ்வளவு என்று அளக்கப் போகிறவர்களும் அவர்களேதான் என்பது மண்டைக்குள் ஏறவில்லை. அடுத்தவரின் தேவையை அளந்து சம்பளம் வாங்குகிற எனக்கே ஏறவில்லை.

நிதியுதவிப் படிவத்தில் உமது பெயரில் உள்ள சொத்துகள் என்று ஒரு பகுதி இருந்தது. எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் அம்மா வீட்டையும், வாவிக்கு அங்கால் படுவான்கரை வட்டையில் உள்ள இரண்டு ஏக்கர் வயலையும் என் பெயருக்கு எழுதிவிட்டா. பிறகு மாப்பிள்ளை பகுதி ஏதோ சாட்டுச் சொல்லி விலகிக்கொண்டது. கலியாணம் போயிற்று, உறுதி நின்றது. நானும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெறுமதி கேட்டார்கள், அதையும் விசாரித்து எழுதினேன். பதில் வந்தபோது தேவையில் பாதிதான் தருவதாக இருந்தது. மீதியை என் சொத்திலிருந்து நான் போட வேண்டுமாம்.

கணினியில் முகம் பார்த்துப் பேச நேரம் தந்தார்கள். நிதியுதவிப் பிரிவில் ஒரு இளம்பெண், நல்ல மனுசி. பொறுமையாகக் கேட்டாள். நானும் எங்கள் ஊர் வழமையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்த வீடு விற்பதற்கில்லை, அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கும் உரித்து அவவுக்கு என்று உறுதியிலேயே எழுதியிருக்கிறது, எங்கள் பக்கத்தில் வீட்டை விற்றுப் படிக்கப் போகிற பெண்ணை ஊர் நாக்கில் போட்டு அரைக்கும் என்றேன். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள், வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவள் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, கேட்கிறதா, கேட்கிறதா என்று அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். அனுமதியை ஒரு வருசம் தள்ளி வைக்கலாம், அடுத்த வருசம் புதிய படிவம், அப்போது உள்ள நிலைமையைத்தான் பார்ப்போம் என்றாள். அம்மாவின் பெயருக்குத் திருப்பினால் பெற்றோர் சொத்து என்று அதையும் கணக்கில் எடுப்பார்கள். கூடப்பிறந்தவர்களின் சொத்தை அவர்கள் கேட்பதில்லை. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் இதில் தலையிடவே மாட்டேன் என்றார். அது அம்மாவின் தாய்வழி வீடாம், அவர் வந்து ஏறிய ஆளாம். நாற்பது வருசமாக அந்த வளவில் தென்னைக்குத் தண்ணீர் இறைத்த மனிதன், வெளி ஆள் மாதிரிக் கையைக் கழுவிவிட்டு வாவிப்பக்கம் நடந்தார். ஆகவே சண்டை எனக்கும் அம்மாவுக்கும் என்று ஆயிற்று. அவ பல நாள் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவா. கடைசியில் ஒரு நாள் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தவ நிமிர்ந்து கேட்டா.

“வீடில்லாத பொம்புளைய ஆரு, மகள், கேட்டு வருவான்?”

“வீடு இரிக்கக்குள்ள மட்டும் ஆரும்மா வந்து நிண்டான்?” என்றேன்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது பொய்யில்லை. மறுகிழமை அம்மாவே சீலையை மாற்றிக்கொண்டு, வா போவம் என்றா. களுவாஞ்சிக்குடியில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். தங்கை வரும் வழியெல்லாம் அழுதாள், தனக்கு வேண்டாம், அக்காவின் வீடு தனக்கு எதற்கு என்று. நான்தான் அவளை அதட்டிக் கையெழுத்து வாங்கினேன். நன்கொடை உறுதி. வீடு, வளவு, வயல் எல்லாம் அவளுக்கு. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வீடு பெயர் மாறிய செய்தி ஊரில் சுற்றக் காலம் எடுக்கவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். நல்ல பொடியன், பழுது சொல்ல ஏலாது. கலியாணம் முடிந்து அவர் வந்து ஏறியபோது, முன் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் என் புத்தகங்களைக் குசினிக்குப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனேன். தங்கை ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினாள். “அக்கா, இது எப்பவும் உங்கட வீடுதான்” என்றாள். அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

போகட்டும் என்று விட்டேன். அடுத்த படிவத்தில் சொத்து இல்லை என்று எழுதினேன். முழு உதவியும் வந்தது. கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டுக்குக்கூட. நிதியுதவிப் பெண் தன் கைப்பட இரண்டு வரி வாழ்த்தும் எழுதியிருந்தாள். கந்தோரில் சம்பளம் இல்லாத லீவு தந்தார்கள். இடியப்ப அக்கா ஒரு பெட்டி நிறைய இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

“படிச்சுப்போட்டு வந்து அந்தக் கேள்விய வெட்டி உடுங்க புள்ள” என்றார்.

விசாவுக்குக் கொழும்புக்குப் போனேன். காத்திருக்கும் மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம், தடித்த கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தது. உள்ளே காணி உறுதி, வீட்டு உறுதி, மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் பிளாஸ்டிக் உறையில். வேறு ஆட்களின் மடியிலும் அதே மாதிரிக் கோப்புகள். பாவம், உதவி கிடைக்காமல் சொந்தக் காசில் போகப் பார்க்கிறார்கள் போல என்று எனக்குள் ஒரு இளக்காரம். என் கையில் முழு உதவிக் கடிதம் ஒன்றுதானே இருந்தது. எனக்கு அது போதும் என்ற திமிர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசித்தார். கலியாணம் முடித்துவிட்டீரா என்றார். இல்லை என்றேன். பிள்ளைகள்? இல்லை. வேலை? இருக்கிறது, சம்பளம் இல்லாத லீவில் வருகிறேன் என்றேன். அதை அவர் எழுதிக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பு முடிந்ததும் நீர் இலங்கைக்குத் திரும்பி வருவீர் என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். திரும்பி வருவதற்காகத்தான் படிக்கவே போகிறேன் என்றேன். என் கட்டுரையைப் பற்றி, அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். சொந்தமாக வீடு இருக்கிறதா?

எங்களுக்கு வீடு இருக்கிறது என்றேன்.

யாருடைய பெயரில் என்றார்.

அந்த இடத்தில் எனக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். ஒரு உறுதித் தாள், அது என் பெயரில் இருந்தால் படிக்கக் காசு இல்லை, இல்லாவிட்டால் படிக்கப் போக வழி இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு மனிசன் இந்த உலகத்தில் இல்லையா? கண்ணாடியில் ஓங்கிக் குத்த வேண்டும் போல இருந்தது. தங்கையின் பெயரில் என்று சொன்னேன். அவர் ஒரு அச்சடித்த தாளைத் தந்தார். உமது நாட்டோடு உமக்குப் போதிய பிணைப்பு இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று அதில் இருந்தது. நான் பிறந்து, படித்து, வேலை பார்த்து, சண்டை போட்டு, இன்னும் அந்த வாவித் தண்ணீர் மணம் உடுப்பில் போகாமல் இருக்கிற நாட்டோடு எனக்குப் பிணைப்பு இல்லையாம்.

திரும்ப ஒருமுறை விண்ணப்பித்துப் பார்த்தேன். அதே தாள். உறுதியை மறுபடி என் பெயருக்குத் திருப்பலாம்தானே என்று கந்தோரில் ஒருவர் கேட்டார். என் தங்கையின் கலியாணம் அந்த வீட்டை வைத்துத்தான் பேசியது. அந்தப் பொடியனின் முகத்தைப் பார்த்து, இறங்கு என்று நான் எப்படிச் சொல்ல? அப்படியே திருப்பினாலும் நிதியுதவி பழையபடி பாதியாகும். நிதியுதவிப் பெண்ணுக்கு எழுதினேன். மிகவும் வருந்துகிறேன், ஆனால் அனுமதியை இரண்டாவது முறை தள்ளி வைக்க விதி இடம்தராது என்று பதில் போட்டாள். அவளும் என்ன செய்வாள். அவளுக்கும் யாரோ எழுதிக் கொடுத்த கேள்விகள்தானே.

அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். லீவை ரத்துச் செய்துவிட்டுப் பழைய கதிரையில் போய் இருந்தேன். தங்கையின் புருஷன் பின்னேரங்களில், இண்டைக்கு கந்தோரில வேலை கூடவா அக்கா என்று மரியாதையாக விசாரிப்பார். நானும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். வீட்டில் வந்து தங்கியிருப்பவள் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசப் பழகிவிட்டேன்.

இந்த வருசத் தெரிவு தொடங்கியதும் இடியப்ப அக்கா வந்தார். நான் போகாமல் நின்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேறு யோசனை. மகள் கலியாணம் முடித்துப் பக்கத்து ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாளாம்.

“வீட்ட மகள்ட பேருக்கு எழுதிப்போட்டு வந்தா எனக்குக் காசு கிடைக்குமா புள்ள?”

கிடைக்கும். மகள் வேறு குடும்பம், அக்காவின் புள்ளி மாறும், அவர் ஏழையாவார். விதி எனக்கு மனப்பாடம். உத்தியோகத்தராக நான் சொல்ல வேண்டியது அதுதான்.

“எழுதாதீங்க அக்கா” என்றேன். “காசு தராட்டிப் போகட்டும். வீட்ட மட்டும் ஆர்ட பேருக்கும் எழுதிப்போடாதீங்க.”

அவர் ஓம் புள்ள என்று சொல்லிவிட்டு இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போன மாதம் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது.