கப்பலை நகர்த்தாத விமர்சகன்

பழைய விஞ்ஞானப் புனைகதைப் படம் ஒன்றைத் தழுவிய மலிவு விலை வீடியோ கேமுக்கு எங்கள் பத்திரிகையில் விமர்சனம் எழுதினேன். வேற்றுக் கோளில் தொலைந்த தோழியைத் தேடும் வீரனுக்கு, விண்கப்பலிலிருந்து வரும் காற்றுக்குழாய்தான் உயிர். அது அவள் இருக்கும் இடம்வரை எட்டாது. கழற்றிவிட்டு ஓடினால் மூச்சு முட்டிச் சாவான். பதினான்கு முறை செத்தேன். ‘முடிக்கவே முடியாத ஆட்டம், வாங்காதீர்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் அச்சேற வேண்டியது.

அன்று மாலை என் மனைவியின் தம்பி ஜெரால்டு வந்தான். தூத்துக்குடிக் கடலில் காற்றுக்குழாயைக் கடித்தபடி மூழ்கிச் சங்கு எடுப்பவன். நான் மறுபடி சாவதைப் பார்த்துச் சிரித்தான்.

“குழாயக் கழத்திட்டு எவனாவது போவானா அத்தான்? கப்பல அங்கன நவுத்துங்க.”

“கப்பல் நகருமா?”

“நாங்க போற பக்கமெல்லாம் எங்க வள்ளம் பின்னாலயே வரும்லா?”

என்னிடமிருந்து ஆட்டத்தை வாங்கி, வீரனைக் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுபோய், நான் தொட்டே பார்க்காத ஒரு நெம்புகோலை இழுத்தான். கப்பல் நகர்ந்தது. பத்தே நிமிடத்தில் தோழி கிடைத்தாள்.

உடனே ஆசிரியரை அழைத்து விமர்சனத்தை நிறுத்தச் சொன்னேன்.

“ஏன், கேம சரி பண்ணிட்டாங்களா?”

“அதுல குறை இல்ல அண்ணாச்சி. எனக்குத்தான் ஆடத் தெரியல.”

இருபது வருடப் பத்திரிகை வேலையில் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.