மூட்டு மாத்திரை தின்ற நாய்கள்

நாய் வைத்தியத்தில் நோயாளிக்குப் பேச்சு கிடையாது. கூட்டி வருகிறவரோ பாதியைத்தான் சொல்வார். மைசூர் விஜயநகரில் கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் நாய்க்கும் வயதாகிவிட்டது, வளர்ப்பவருக்கும் வயதாகிவிட்டது. அதனால் வீட்டுக்கு வீடு மூட்டு மாத்திரை டப்பா, மூட்டுத் தேய்மானத்துக்கான சத்து மாத்திரை. நாய்க்கான மாத்திரையில் கறி வாசனை வேறு சேர்க்கிறார்கள். அதை மருந்தென்று எந்த நாய் நம்பும்? நாய் வளர்க்கிற உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாததல்ல.

கடித்த மூடி

சேவியர் சார் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய லாப்ரடார் டைகர் ஹாலில் காலி டப்பாவை நக்கிக்கொண்டிருந்தது. மனிதர் தாமதிக்கவில்லை. நாயோடு டப்பாவையும், கடித்துத் துப்பிய மூடியையும்கூடக் காரில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். தின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்பதால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தேன். பழுப்புக் கூழாக நிறைய வந்தது.

பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். அளவு மிஞ்சினால் ஈரலைப் பிடிக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தேன், சில நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். கெடுதல் இல்லை என்று சொன்னதும்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் முட்டிக்கும் இதே சரக்குதான் டாக்டர். தினம் ஒண்ணு முழுங்குறதுக்கே எனக்குக் குமட்டுது."

வேறு மாத்திரை

கொள்ளேகால் பக்கத்து விவசாயி ஒருவர் தோட்டத்துக் காவல் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முட்டி மாத்திரை தின்னுருச்சுங்க" என்றார். தின்றது இரண்டு நாளுக்கு முன்பு. வாந்தியில் ரத்தம் இருந்தது. மூட்டு மாத்திரைக்கு அப்படி வராதே என்று சந்தேகப்பட்டு, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வீட்டிலிருந்து அவர் மகள் அனுப்பினாள். மனிதர்களுக்கான வலி மாத்திரை; வீட்டில் மூட்டுச் சத்து மாத்திரையும் இருந்ததால் குழம்பிவிட்டார். சிறுநீரகம் அதற்குள் கெட்டுப்போயிருந்தது.

டிரிப் ஏற்றினோம். மறுநாள் மதியம் நாய் இறந்துவிட்டது. துண்டால் அதை மூடியபடி அவர் கேட்டார்: "ரெண்டையும் முட்டி வலிக்குன்னுதானுங்களே குடுத்தாங்க?"

உப்புத் தண்ணீர்

மைசூரிலேயே அக்ரஹாரம் என்ற பகுதியிலிருந்து மேரி மிஸ் ஆட்டோவில் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். மடியில் அவருடைய வெள்ளை பொமரேனியன் உதறிக்கொண்டிருந்தது. தின்றது ஒரு கைப்பிடி மூட்டு மாத்திரைதான். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு, வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரை டம்ளர் டம்ளராகப் புகட்டியிருக்கிறார். வாந்தி வரவில்லை, உப்பு தலைக்கேறி வலிப்பு வந்துவிட்டது.

உப்பை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். மிஸ் லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க பெஞ்சிலேயே இருந்தார், சாப்பிடவில்லை. சாயங்காலம் நாய் தலையைத் தூக்கி அவர் விரலை நக்கியது. இனி இப்படி நடந்தால் கைவைத்தியம் வேண்டாம், போன் செய்துவிட்டு நேராகக் கிளம்புங்கள் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ மாத்திரை ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன், இல்லையா டாக்டர்?"

ஆகவே மூட்டு மாத்திரை தின்ற நாய் மேஜைக்கு வந்தால், எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்று கேட்ட கையோடு, அதன் பிறகு வீட்டில் யார் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்பதையும் கேட்டுவிடுகிறேன்.