பல்லுப் பிடுங்குமுன் சொல்ல வேண்டியது

இதய வால்வு சுருங்கிய என் மகளுக்குக் கல்முனை ஆஸ்பத்திரியில் மாதாமாதம் ஊசி போட்ட தாதி, எங்களுக்கு மிஸ்ஸி, நெட்டையானவர். தொப்பி எப்போதும் சரிந்தே இருக்கும். சொல்லித் தந்ததை நாம் திருப்பிச் சொல்லாமல் வீட்டுக்கு விடமாட்டார்.

"நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவ மிஸ்ஸி. பயத்துல மறந்துருவன்."

"வகுப்பையா கேட்டன், தங்கச்சி? மகள்ற பல்லப் புடுங்க முன்ன என்ன சொல்லணும்?"

"வால்வுல வருத்தம், முதல்ல மருந்து தாங்க எண்டு."

"ஏன்?"

"பல்லுக் கிருமி ரத்தத்தால போய் வால்வுல குந்திரும்."

"ஓம். பயந்தாலும் வாய் கதைக்கணும்."

அடுத்த மாதமே பல் டொக்டர் குறட்டோடு குனிந்தபோது, பயத்தோடேயே அத்தனையும் சொன்னேன். குறட்டை வைத்துவிட்டு மருந்தெழுதியவர், "நீங்க டீச்சரா?" என்றார். வீடு வரும்வரை முக்காட்டுக்குள் சிரித்தேன்.

என்னை நானே நம்பாத காலத்தில் அந்த மிஸ்ஸி எதைக் கண்டு நம்பினார் என்பது இன்னும் விளங்கவில்லை.