சுழிக்கு ஊசி போட்ட மாடு

மோகனூர் குமாரசாமி, செல்போனில் மாடு கத்துவதைக் கேட்டே திருட்டு விளம்பரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார் என்று நாமக்கல் பக்கம் பேச்சு. முதல் டீக்கடையில் மாடு வெறுமனே கத்தியது. இரண்டாவது கடைக்குள் அது இந்தியில் கத்த ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது கடைக்குப் போகாமல், பத்திரிகைக்கு ஒரு கட்டுரை தேறும் என்று மோகனூர் பஸ் ஏறினேன்.

"போட்டோவுல மாடு எங்கீங்க சாமி கத்தும்?" என்றார் குமாரசாமி.

அவர் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். அந்தத் துண்டுக்குள் என்ன நடக்கிறதோ என்று சந்தேகப்படாதவர் ஊரில் இல்லை. நானும் அந்தக் கட்சிதான். அதே ஊரில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பழனியம்மாளும் அதே கட்சி. அவருடைய ஒரே கறவை செத்து, பால் சொசைட்டி வரும்படி நின்றுபோயிருந்தது. காதுத் தோட்டை விற்ற பணத்தில், தரகே இல்லாமல், செல்போன் விளம்பரத்தில் ஒரு சினைமாட்டைப் பார்த்துவைத்தார். விற்பவர் மிலிட்டரியாம், அவசர டிரான்ஸ்பராம், பாதி விலையாம். முன்பணம் போட்டால் மாடு லாரியில் வந்து இறங்குமாம்.

பணம் அனுப்பும் நேரத்தில் ஒரு குறுகுறுப்பு. மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கும் இடம் சரியா தப்பா என்று பார்க்காமல் இந்தப் பக்கம் யாரும் மாடு பிடிப்பதில்லை. படத்தில் சுழி தெரியவில்லை. வெட்கத்தை விட்டு, வேண்டாம் என்று ஒதுக்கிய தரகரிடமே போனை நீட்டினார். குமாரசாமி விற்பவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, மாட்டுக்குச் சுழி எப்படிங்க?"

"சுழி இருந்துச்சு சார். ஊசி போட்டாச்சு. இப்ப சுத்தமா குணமாயிடுச்சு."

"திரும்ப வந்துராதுங்களே?"

"கேரண்டி சார்!"

குமாரசாமி போனை அணைத்தார். "அம்மிணி, இவன் மாட்டைத் தொட்டதே இல்ல."

"பாதி வெலைங்கண்ணா!" பழனியம்மாளுக்கு மனசே இல்லை.

"இல்லாத மாட்டுக்குப் பாதி வெலையே சாஸ்தி."

விளம்பரத்தளத்துக்குப் புகார் போனது. விளம்பரம் மறைந்தது. அடுத்த வாரம் அதே மாடு வேறு பெயரில், வேறு ஊரில், அதே புல்லைத் தின்றுகொண்டிருந்தது. 'வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ளவும்' என்று அடியில் பொடி எழுத்து. "சந்தையில நான் ஏமாத்துனா துண்டைப் புடிச்சு இழுப்பாங்க. இங்க எதைப் புடிக்கறது?" என்றார் குமாரசாமி. சட்டம் தெரிந்த இரண்டு பேரிடம் இதைக் கேட்டேன். இருவரும் துண்டைத் தேடினார்கள்.

பிறகு அவரே பழனியம்மாளுக்கு ஒரு சினைமாடு பிடித்துக் கொடுத்தார், தரகு வாங்காமல். நம்புவேனா? விற்றவரைத் தனியாகவும் வாங்கியவரைத் தனியாகவும் விசாரித்தேன். இரண்டு பக்கமும் ஒரே விலையைச் சொன்னார்கள். ஒரு நல்ல கட்டுரை கெட்டுப்போனது.

அவர் கேட்டது ஒன்றுதான்: கன்று போட்டால் ஒரு சொம்பு சீம்பால்.

கன்று பிறந்தது, கிடாரி. பால் இப்போது சொசைட்டிக்குப் போகிறது. சீம்பால்?

"அண்ணன் அன்னிக்கு ஊருல இல்லீங்க. கெட்டுப்போகுமேன்னு பக்கத்து ஊட்டுக்கெல்லாம் குடுத்துட்டேன்" என்று என்னிடம் சொன்ன பழனியம்மாள், அவர் பக்கம் திரும்பினார். "அடுத்த ஈத்துக்கு மொதச் சொம்பு உங்களுக்குத்தானுங்கண்ணா."

"செரி அம்மிணி. போட்டோ மட்டும் அனுப்பீராத" என்றார் குமாரசாமி.