மாமி வைத்த கையெழுத்து

காவல்துறைத் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து திரும்பி வந்த மச்சாள், அங்கே கொடுத்த தாளைச் சமையலறை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அதை எடுத்து வாசித்தேன். இத்தாலியை விட்டு வெளியேறும்படி எழுதியிருந்தது. பொலிதேயாமாப் பக்கத்தில் அவர் வேலை செய்த எசமானி சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் மறித்துப் பிடித்திருக்கிறார்கள். கைகழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை. குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாவில் ஒரு பழைய மாடிவீட்டில் நானும் கணவரும் மச்சாளும் ஒன்றாக இருந்தோம். மச்சாள் என் கணவரின் பெரியப்பா மகள்; கணவனை இழந்தவர். எங்களுக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, இருந்தது. அவருக்கு இல்லை. அவருடைய ஒரே மகள் மன்னாரில் அம்மம்மாவோடு இருந்தாள். இருபது வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளையை எப்படியாவது வெளியே எடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் மச்சாள் கடல் கடந்து வந்து மற்றவர்களின் தரையைத் துடைத்தார். போர் நடந்த ஊரிலிருந்து செய்தி வராத வாரங்களில் அவரோடு கதைக்கவே எங்களுக்குப் பயமாக இருக்கும்.

அன்று கைகழுவித் திரும்பி வந்தவர், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்தார். அவருடைய அம்மாவின், நான் மாமி என்று அழைப்பவரின், ஞானஸ்நானப் பதிவுப் பிரதி அதற்குள் இருந்தது. மாமியின் தகப்பன் என்று நாங்கள் அறிந்தவர் தலைமன்னார் ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். பதிவில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயரும், பக்கத்தில் அயர்லாந்து, கோர்க் என்றும் இருந்தன. இறங்குதுறை கட்ட வந்த பொறியியலாளர்களில் ஒருவர் என்று, பதிவை எடுத்துக்கொடுத்த கோயில் கிழவர் மச்சாளிடம் சொன்னாராம். மாமியின் தாய் அவருடைய பங்களாவில் சமைத்தவர். வேலை முடிந்ததும் அந்த வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார். பிறகுதான் அந்தச் சுமைகாரர், கைக்குழந்தையோடு நின்றவரை மணம் முடித்திருக்கிறார். மாமியின் சாம்பல் நிறக் கண்களைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

"அம்மாவுக்கு இது தெரியாது. வேறை அலுவலுக்குக் கோயிலிலை எடுக்கப் போய்க் கண்டனான். காட்டேல்லை," என்றார் மச்சாள்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு அருகே வயதான அயர்லாந்துச் சிஸ்டர் ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவரின் பேரனோ பேத்தியோ அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று அவர்தான் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்து நாடு என்பதால், அந்தக் குடியுரிமை கிடைத்தால் மச்சாள் இத்தாலியிலேயே பயமின்றி இருக்கலாம், மகளையும் கூப்பிடலாம். சிஸ்டர் பிரதியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, கோர்க் மாவட்டத்துப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் எழுதத் தொடங்கினார். அந்தக் குடும்பப் பெயர் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறதாம். ஒரு பங்கிலிருந்து வந்த பதிவில் வயது பொருந்தவில்லை. இன்னொன்றில் அதே பெயர்க் குழந்தை ஒரு வயதிலேயே இறந்திருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் மச்சாளின் முகம் மலர்ந்து வாடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் பெரிய தெருக்களையே விட்டுவிட்டார். வுச்சீரியாச் சந்தையின் மீன்கடைகளுக்குள் புகுந்து, ஒழுங்கைகளால் சுற்றித்தான் வேலைக்குப் போய்வருவார். நீல நிறச் சட்டை எதைக் கண்டாலும் போலீஸோ என்று என் கையை இறுக்கிப் பிடிப்பார்.

கடைசியில் கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து பதில் வந்தது. பெயர், பிறந்த ஆண்டு, இலங்கையில் ரயில்பாதை வேலைக்குப் போனவர் என்று ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு, எல்லாம் பொருந்தின. அவருடைய தகப்பன் ஒரு படகோட்டி. கூடப் பிறந்தவர்களின் பெயர்களையும் அனுப்பியிருந்தார்கள். மச்சாள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் புரளவில்லை. "இதெல்லாம் எங்கடை சொந்தமாம்," என்று சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. மாமியின் தகப்பனும் தாயும் மணம் முடித்த பதிவு இல்லாதபடியால், இன்னார்தான் என் தகப்பன் என்று மாமியே சட்டத்தரணி முன்னால் சத்தியக் கடதாசி கொடுத்தால்தான் தூதரகம் பார்க்கவாவது செய்யும் என்றார்.

மச்சாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மாமியைப் பேத்தியோடு கொழும்புக்கு வரச் சொல்லி ஆள் மூலம் அறிவித்தோம். பயணம் செய்யப் பாஸ் எடுத்து, வவுனியாவில் காத்துக் கிடந்து, சோதனைச் சாவடிகள் எல்லாம் கடந்து இருவரும் ஒரு லொட்ஜுக்கு வந்து சேர்ந்த செய்தி கிடைக்கும் வரை வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்லாரோச் சந்தையோரத் தொலைபேசிக் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவர் நிற்க இடமில்லை. ஆனாலும் மச்சாள் என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். ரிசீவர் இருவர் காதுக்கும் நடுவில் இருந்தது.

மச்சாள் சுற்றி வளைத்து ஏதேதோ சொன்னார். மாமி இடைமறித்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. சின்னனிலையே தெரியும். அப்புவுக்கு முன்னாலை தெரியாத மாதிரி இருந்தனான்."

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"காய்ச்சல் வந்தால் என்னைத் தோளிலை போட்டுக்கொண்டு தண்டவாளத்தாலை நடப்பார், அந்த மனுசன். அவர் என்ரை அப்பு இல்லையெண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுறியோ?"

"வேண்டாம் அம்மா. விடுங்கோ. நான் வேறை வழி பாக்கிறன்."

மாமியின் குரல் தணிந்து வந்தது. "பிள்ளை இஞ்சை எனக்குப் பக்கத்திலை நிக்கிறாள். ராத்திரி லொட்ஜைச் சோதிக்க வந்தவங்கள், இவளைத்தான் கன கேள்வி கேட்டவங்கள். நான் வைக்கிறன் கையெழுத்து."

அவர் அழுதது எங்களுக்குக் கேட்டது. மச்சாள் ரிசீவரை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் மிச்சத்தைக்கூட வாங்காமல் வெளியேறினார். பின்னால் ஓடிப் போய்ப் பிடித்தேன்.

சத்தியக் கடதாசி வந்தது. சிஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்தோம். வாசல் மணி அடித்தால் மச்சாள் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். பதில் வந்தபோது அது மரியாதையான இரண்டு பந்திகளாக இருந்தது. சட்டப்படி மணம் முடித்ததற்கான பதிவு இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க முடியாது. சிஸ்டர் வாசித்து முடித்துவிட்டு மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

வழி வேறு பக்கத்தால் திறந்தது. வேலை கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் அனுமதி இல்லாதவர்களுக்கும் பெர்மெஸ்ஸோ கொடுப்பதாக இத்தாலி அரசு அறிவித்தது. பொலிதேயாமாச் சிஞ்ஞோரா முணுமுணுத்துக்கொண்டே வந்து கையெழுத்திட்டார். மச்சாளுக்குப் பத்திரம் கிடைத்தது. அதன் பிறகும் இழுபட்டு, ஒருவழியாக மகள் பலெர்மோ விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். ஊருக்குத் திரும்பியிருந்த மாமி, அயலவர் ஒருவரைக் கொண்டு எழுதிக் கேட்டிருந்தார்: நான் வைத்த கையெழுத்துப் பலித்ததா? மச்சாள் பதில் எழுதியபோது நான் அருகில் இருந்தேன். "ஓம் அம்மா, அதாலைதான் பிள்ளை வந்தவள்," என்று எழுதினார். மாமி அப்படி நம்பியபடியே இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மன்னாரில் கண்ணை மூடினார்.

மச்சாளுக்கு இப்போது முழங்கால் வலி. மகளோடு நகரத்தின் வெளிப்பக்கம் இருக்கிறார். நீலச் சட்டைகள் இப்போது அவரை ஒன்றும் செய்வதில்லை. பேரப்பிள்ளைகள் அவரோடு சிசிலிக்காரரின் இத்தாலியனில் சண்டை பிடிக்கிறார்கள். போன மாதம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, மகளுக்கு உண்மை தெரியுமா என்று கேட்டேன்.

"சொன்னனான். அம்மம்மாவுக்கும் உள்ளதைச் சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா தன்ரை அப்புவை விட்டுக்குடுத்துக் கையெழுத்து வைச்சவ. அது சும்மா போச்சுதெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது?"