கண்டக்டர் வீட்டு இரண்டாம் வகுப்பு

கண்டக்டருக்குக் குழப்பம் என்றாலே ஆகாது. ஏறுகிறவர்கள் ஏற வேண்டும், இறங்குகிறவர்கள் இறங்க வேண்டும், நடுவில் நிற்கிறவர்கள் உள்ளே தள்ளிப் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உலகம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வழித்தடத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நின்னுகிட்டு என்ன வேடிக்கை" என்று கத்தியே காலம் தள்ளியவர். தூங்கி வழிகிற பயணியைக்கூட அவர் நிறுத்தம் தாண்டிப் போக விட்டதில்லை. தோளில் தட்டி, "ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க" என்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அப்படிப்பட்டவரை ஊரெல்லாம் பரவிய தொற்றுநோய் வீட்டில் உட்கார வைத்தது. பஸ்ஸெல்லாம் டிப்போவில் தூசி பிடித்து நின்றன. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. நோயாளிகளின் துணியைக் கையாளுகிறவர்கள் வீட்டுக்குப் போய்வரக் கூடாது என்று அவளை அங்கேயே ஒரு விடுதியில் தங்க வைத்துவிட்டார்கள். வீட்டில் மிஞ்சியது கண்டக்டரும், சிட்டு என்று கூப்பிடப்படும் ஏழு வயது மகளும்தான். முதல் வகுப்பு பாதியில் நிற்கும்போது பள்ளிக்கூடம் மூடிவிட்டது. எப்படியோ இப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

அரசுப் பள்ளிதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கைவிட்டுவிடவில்லை. பாடம் பார்க்க ஒரு டேப்லெட் இரவல் கொடுத்தார்கள். வாரம் தவறாமல் ஒரு பை: பருப்பு, முட்டை, பால் பவுடர், சோப்பு. டீச்சர் அடிக்கடி போன் போட்டு, "சிட்டு சாப்பிட்டாளா? தூங்குறாளா? உங்களுக்கு உடம்பு ஒன்னும் இல்லையே சார்?" என்று விசாரிப்பார். கண்டக்டரிடம் அவர் உடம்பைப் பற்றிக் கேட்டவர்கள் வேறு யாரும் கிடையாது. அதனால் அந்த அம்மாள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை.

பள்ளியிலிருந்து வருகிற தகவல்கள்தான் அவர் உயிரை எடுத்தன. பை வாங்க முன் கேட்டுக்கு வாருங்கள் என்று ஒரு செய்தி வரும். அவர் செருப்பு மாட்டுவதற்குள் பின் கேட்டுக்கு வாருங்கள் என்று இன்னொன்று. பிள்ளையை அழைத்து வரவும் என்று காலையில் சொல்லி, எக்காரணம் கொண்டும் பிள்ளையை அழைத்து வரக் கூடாது என்று மதியம் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கும் மேலே இருந்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் இரண்டு கேட்டுக்கும் நடுவில் நின்று திருதிருவென்று முழிப்பார்.

வகுப்பு தொடங்கிய முதல் நாளே அவருக்கு மனசு கலங்கிவிட்டது. திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிள்ளைகள். டீச்சர் வார்த்தை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "மரம்னு எழுதின அட்டை வந்ததும் சிட்டு கை தூக்கணும், சரியா?" என்றார். அட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. சிட்டு கையைத் தூக்கவில்லை. அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. அவள் கீழ் உதடு நடுங்க ஆரம்பித்தது. கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டருக்கு அதைத் தாங்க முடியவில்லை. சரியான அட்டை வந்தபோது, பழக்க தோஷத்தில், நாற்காலிக் காலில் விரலால் ஒரு தட்டு தட்டினார். பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கிளம்பு. சிட்டு பஸ்ஸிலேயே வளர்ந்த பிள்ளை. கை சட்டென்று மேலே போனது.

"ஆகா, சிட்டு கெட்டிக்காரி" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து அதுவே வாடிக்கையாகிவிட்டது. இதில் தப்பு இருப்பதாக அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாப் தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு ஸ்டாப்பைச் சொல்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தார். பாடம் வாசிக்கிற நேரத்திலும் பிரச்சினை இல்லை. டீச்சர் முதலில் வாசிப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். சிட்டுவுக்குக் காதில் விழுந்ததெல்லாம் அப்படியே மனப்பாடம். அவள் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். எங்கேயாவது நின்றால் முதல் வார்த்தையை அப்பா முணுமுணுப்பார், வண்டி ஓடிவிடும்.

ஒருநாள் டீச்சர் போனில், "ரொம்பப் பின்தங்கின பிள்ளைங்களை மட்டும் பள்ளிக்கூடத்துக்கே வரவெச்சு, சாப்பாட்டுக் கூடத்துல தள்ளித் தள்ளி உக்காரவெச்சு பாடம் எடுக்கப் போறோம் சார். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். சிட்டுதான் வகுப்புல முதல்" என்றார். கண்டக்டர் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. கையெல்லாம் சோப்பு. "யாருன்னு பாரு கண்ணு" என்றார்.

சிட்டு போனை எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் படம் தெரிந்தது. "அம்மா."

"என்னவாம்? படி பாப்போம்."

அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற குரலில் சொன்னாள். "சிட்டு, அம்மா நாளைக்கு வர்றேன். உனக்கு முத்தம்."

கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் வீட்டைக் கழுவி விட்டார். தலையணை உறையெல்லாம் மாற்றினார். முகத்தை மழித்து, வெட்டிக்கொண்டு, காதோரம் பஞ்சு ஒட்டிக்கொண்டார். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். சிட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. காலை போயிற்று, மதியம் போயிற்று, வந்தபாடில்லை. வேலை நேரத்தில் மனைவியிடம் போன் இருக்காது என்பதால் கேட்கவும் வழியில்லை. பொழுது சாயும்போதுதான் அவளே கூப்பிட்டாள்.

"எங்க நிக்கிற?" என்றார் கண்டக்டர்.

"எங்க நிக்கிறதா? இப்பதான் துணி மூட்டையை விட்டு விடுதிக்கு வந்தேன். ஏங்க?"

"இன்னிக்கு வர்றேன்னு சொன்னியே."

"நான் எங்கங்க சொன்னேன்? இந்த மாசமும் விட மாட்டாங்கன்னு நேத்தே அனுப்பினேனே. பாக்கலையா? என்னங்க ஆச்சு உங்களுக்கு, உடம்பு ஏதும் சரியில்லையா?"

அவர் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, செய்தியைத் திறந்து பார்த்தார். 'இந்த மாதமும் வர முடியாது. சிட்டு, அழாமல் இரு. அப்பாவைப் பார்த்துக்கொள்.' அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். முதலில் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். அப்புறம், மனைவி அழித்துவிட்டு வேறு எழுதியிருப்பாளோ என்று தோன்றியது. கடைசியில்தான் கோபம் மகள் பக்கம் திரும்பியது.

"ஏன் பொய் சொன்ன?"

"நான் பொய் சொல்லலப்பா" என்றாள் சிட்டு. "அம்மா அப்படித்தான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

நெனச்சேன் என்றால் என்ன அர்த்தம்? கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாடப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து முன்னால் வைத்தார். அவள் மேலே இருந்த வாத்துப் படத்தைப் பார்த்தாள், கடகடவென்று வாத்துப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் அவள் சொன்ன வரிகள் அந்தப் பக்கத்தில் இல்லை, அடுத்த பக்கத்தில் இருந்தன. இன்னொரு பக்கத்தைப் புரட்டி, படத்தை உள்ளங்கையால் மூடினார். "இத படி."

சிட்டு புத்தகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேல் கிடந்த அவருடைய இன்னொரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் எப்போது தட்டும் என்று காத்திருந்தாள்.

ஆடிப்போய்விட்டார் மனுஷன். அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை மாதமாக அவள் படித்ததெல்லாம் அவர் விரலைத்தான். முதல் நாளே முழித்து நின்றிருந்தால் டீச்சர் அன்றைக்கே கவனித்திருப்பார். முழிக்கவே விடாமல் பார்த்துக்கொண்டவர் யார்?

மறுநாள் டீச்சருக்குப் போன் போட்டார். "டீச்சர், எம் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது."

டீச்சர் சிரித்துவிட்டார். "நீங்களுமா சார்? காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எம் பிள்ளை மக்கு, எம் பிள்ளைக்கு ஒன்னுமே வராது, சேத்துக்கோங்கன்னு. கூடத்துக்கு வந்தா சாப்பாடும் உண்டு, வீட்லயும் தொந்தரவு இல்ல. எனக்குப் புரியுது. ஆனா சிட்டு முதல் பிள்ளை சார்."

பெற்றவர்கள் தங்கள் பிள்ளை மக்கு என்று போட்டி போடுகிற காலமும் வந்துவிட்டது. அந்தப் போட்டியில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளை நம்ப நாதியில்லை. கண்டக்டர் தட்டிய கதையைச் சொன்னார்.

"ஒரு இடம்தான் சார் மிச்சம்" என்றார் டீச்சர், கதையை முழுக்கக் கேட்டுவிட்டு. "அதுக்கு நிறையப் பேர் கேக்குறாங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. பெரிய டீச்சர் நேரா பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

அன்று ராத்திரி அவர் மண்டை காய்ந்தது. அவள் பாஸானால் தோற்றாள். தோற்றால்தான் இடம். எந்தத் தகப்பனாவது பிள்ளை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வானா? குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது? 'கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு' என்று சொல்லிக்கொடுத்துவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. அதுவும் ஒரு தட்டல்தானே என்று தோன்ற, வாயை மூடிக்கொண்டார். சிட்டுவோ பரீட்சை என்று கேட்டதும் குஷியாகிவிட்டாள். தலையை இரண்டாகப் பின்னச் சொல்லி, அவருக்குப் பின்னத் தெரியாமல் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகத் தொங்க, அப்படியே கிளம்பினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். பெற்றவர்கள் வாசற்படிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பெரிய டீச்சர், முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன கண்ணு?"

"வீடு" என்றாள் சிட்டு.

வீடுதான். கண்டக்டருக்கு நெஞ்சு திக்கென்றது. எப்படிச் சொன்னாள்? அட்டையின் மூலை மடிந்திருந்ததை டேப்லெட்டில் பார்த்து வைத்திருந்தாளோ என்னவோ. பெரிய டீச்சர் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். இடத்துக்காகப் புளுகினாயா என்று அந்தக் கண் கேட்டது. பெரிய டீச்சர் பக்கத்தில் நின்ற சிட்டுவின் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆனாலும், கண்றாவி, உள்ளுக்குள் ஒரு மூலையில் மகள் சரியாகச் சொன்ன சந்தோஷமும் இருந்தது.

அடுத்த அட்டை. சிட்டு அதைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி அவர் கையைத் தேடினாள். அவர் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார். அவள் அவர் காலைப் பார்த்தாள். கால் கட்டைவிரல் செருப்புக்குள் தானாக எழுந்தது. அதை அடக்க முடியாமல் அவர் முதுகைக் காட்டித் திரும்பி, ஆளில்லாத மைதானத்தைப் பார்த்து நின்றார். தன் பிள்ளை தவிக்கும்போது திரும்பி நின்றது அதுதான் முதல் தடவை. அந்த உதடு இப்போது நடுங்கிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நின்றார்.

"தெரியல" என்றது சிட்டுவின் குரல். ரொம்பச் சின்னதாக.

"இது?"

"தெரியல."

"இதுவும் தெரியலையா? பரவாயில்ல. அந்த ஜன்னலோர மேசை இனிமே உன்னோடது. திங்கக்கிழமை வந்துடு."

கண்டக்டர் திரும்பவில்லை. முகக்கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை தோற்றதற்கு அழுகிறாரா, இடம் கிடைத்ததற்கு அழுகிறாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது சிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்பா, தெரியலன்னு சொன்னா திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க கண்ணு."

"மேசை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப ஏம்ப்பா நீ என்னைச் சொல்லவே விடல?"

கண்டக்டர் பஸ் ஓடாத தெருவை ஒரு சுற்று பார்த்தார். அவள் அண்ணாந்து பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல கண்ணு" என்றார்.