வேறு கையெழுத்தில் வந்த பார்சல்

மலை உச்சிக் காவல் நிலையில் ஆறு பேர் இருந்தோம். எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டு விழுவதும் நிற்பதுமாக இருந்த குளிர்காலம். அங்கே போன் எடுக்காது. வானம் தெளிந்தால் சுமைக்காரர்கள் மண்ணெண்ணெயோடு தபாலையும் தூக்கிவருவார்கள். அன்று பகல் முழுக்க எங்கள் கண் பாதைமேலேயே இருக்கும்.

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் வீடு. மனைவி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைப்பவள். எனக்கு அனுப்பும் பார்சலை வெள்ளைத் துணியில் பொதிந்து அவள்தான் தைப்பாள். முகவரி எழுதுவது மட்டும் என் அப்பா, நைனா. நிலத்தில் பாடுபட்டவர்தான், ஆனால் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். வேறு யாரையும் எழுத விடமாட்டார்.

அன்று வந்த பார்சலில் முகவரி மனைவியின் கையெழுத்தில் இருந்தது.

உள்ளே எள்ளுருண்டை, பருப்புப்பொடி, நொறுங்கிப்போன முறுக்கு. மற்றவர்கள் தூளைக்கூட விடாமல் சாப்பிட்டார்கள். நான் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லோரும் சௌக்கியம், மழை ஜாஸ்தி என்று எழுதியிருந்தாள். நைனாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கத்திலிருந்த பஞ்சாபிக்காரனிடம் சொன்னேன். பெரியவர் எங்காவது கல்யாணத்துக்குப் போயிருப்பார் என்றான். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. ஒன்பது நாள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், பிழைக்க வைத்தேன், ஒருநாள் மனசுக்குள் கொள்ளியும் வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் முகாமுக்கு இறங்கியதும் போனுக்கு வரிசையில் நின்றேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். என் குரல் கேட்டதும் அவள் அழுதாள். நைனா கழனியில் விழுந்துவிட்டாராம். வலது கை, கால் வரவில்லையாம், வாய் கோணிவிட்டதாம். ஏன் எழுதவில்லை என்று கத்தினேன்.

“எழுதியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? வந்திருக்க முடியுமா?” என்றாள்.

போனை நைனாவின் காதில் வைத்தாள்.

அவர் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பிறகு நிறுத்தி, என் பதிலுக்குக் காத்திருந்தார். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் நின்றவன் என் தோளைத் தொட்டான்.

“சரி நைனா,” என்றேன்.

லீவு கிடைத்து வீடு போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவருக்குப் பேச்சு முழுக்க நின்றுவிட்டிருந்தது. அன்று என்ன கேட்டார், எதற்குச் சரி என்றேன் என்று எனக்குத் தெரியாது. லீவு இருந்த இருபது நாளும் நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். கிளம்பும் அன்று யூனிஃபார்மோடு எதிரில் நின்றேன். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக மனைவிதான் எடுத்துவிட்டாள்.